நெற்றியில் ஏந்திய விளக்கு

சுபுஹுத் தொழுகைக்கென்று நாம் வல்லக்கோட்டையில் வீட்டுப் படியிறங்கும் வேளையில் ஒரகடம் சாலைக்கு உறக்கம் என்பதே இராது. இரவுப் பணி முடிந்தோரை ஏற்றிக்கொண்டு ஒரு வரிசைப் பேருந்துகள் வரும். காலைப் பணிக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு மற்றொரு வரிசை போகும். அந்த வெளிச்ச வெள்ளத்துக்கு அப்பால், ஏரிப் பாசன வயல்களின் பக்கம், ஒற்றை ஒளிப்புள்ளி ஒன்றை ஒரு நாள் கண்டோம். ஆள் உயரத்தில் அது நகர்ந்தது, குனிந்தது, நிமிர்ந்தது, எம் பக்கம் திரும்பி ஒரு கணம் எம் கண்களைக் கூசச் செய்துவிட்டு மறுபடியும் குனிந்தது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இரு கைகளாலும் மண்வெட்டி பிடித்து, மடை திறந்துகொண்டிருந்தார் ஒரு விவசாயி. இதில் நின்று பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எமக்கு இருந்தது.

1983ஆம் ஆண்டு எம் சிறிய தந்தையார், சின்னத்தா என்றே அவரை நாங்கள் அழைப்போம், இதே வேலையைச் செய்யும்போதுதான் இறந்தார். அந்நாளில் பம்பு செட்டுக்கு மின்சாரம் வரும் நேரம் விவசாயியின் கையில் இல்லை. நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து போக வேண்டும். சின்னத்தா ஒரு கையில் அரிக்கேன் விளக்கும் மறு கையில் மண்வெட்டியுமாகப் போவார். மடையை வெட்ட இரு கைகளும் வேண்டுமாதலால் விளக்கை வரப்பின் மேல் வைத்துவிட்டு வேலை செய்வார். அன்றும் வைத்தார். விளக்கு அவருடைய முதுகுப் பக்கம் இருந்தது. அவர் கால் வைத்த இடத்தில் விழுந்தது வெளிச்சமன்று, அவருடைய நிழலே. அந்த நிழலுக்குள் கண்ணாடி விரியன் கிடந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது அங்கே விஷமுறிவு மருந்து இருக்கவில்லை; அடுத்த ஊருக்குப் போகச் சொன்னார்கள். வழியிலேயே உயிர் பிரிந்தது. பதின்மூன்று வயதுச் சிறுவராயிருந்த எமக்கு அன்று புரியாத ஒன்று பிற்பாடு மெள்ளப் புரிந்தது. சின்னத்தாவிடம் விளக்கு இல்லாமலில்லை. அதை ஏந்துவதற்கு மூன்றாவது கை இல்லை, அவ்வளவுதான்.

விளக்கின் வரலாற்றை எழுதுவோர் எண்ணெயையும் திரியையும் வாயுவையும் மின்சாரத்தையும் வரிசையாகச் சொல்லிப் போவார்கள். விளக்கு எங்கே இருந்தது என்று கேட்பவர் அரிது. முதலில் அது ஓரிடத்தில் நின்றது. அரபியில் ‘மிஷ்காத்’ என்றால் சுவரில் குடைந்த விளக்கு மாடம். நம் பழைய வீடுகளின் மாடக்குழியும் அதுவேயாம். மாடத்து விளக்கைத் தேடி மனிதன் வந்தான். வேலையும் அதனருகே வந்தது. பின்னர் விளக்கு கைக்கு ஏறிற்று: தீவட்டி, லாந்தர், அரிக்கேன், டார்ச். மனிதன் போகுமிடமெல்லாம் அது உடன் போயிற்று. ஆனால் ஒரு கையை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நிலை, உடம்பில் அணியும் விளக்கு. அது மிகப் பிந்தி வந்தது. அதை முதலில் கேட்டவர்கள் அரசர்களோ அறிஞர்களோ அல்லர், பூமிக்குள் இறங்கிய கூலிக்காரர்கள்.

எனினும் நம் முன்னோருள் விளக்கைப் பற்றி ஆழ்ந்து எண்ணியவர் இல்லாமலில்லை. பக்தாதில் பனூ மூஸா என்று பெயர்பெற்ற முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்னும் மூன்று சகோதரர்கள் ஏறத்தாழ 850ஆம் ஆண்டில் ‘கிதாபுல் ஹியல்’ என்ற பொறிநூலை யாத்தனர். சுமார் நூறு கருவிகளை விவரிக்கும் அந்நூலில், திரி தானாகவே முன்னேறும் விளக்கும், எண்ணெய் தானாகவே நிரம்பும் விளக்கும், பலத்த காற்றிலும் அணையாத விளக்கும் உள்ளன. அதே நூலில் மற்றொன்றும் இருப்பது எம்மைப் பெரிதும் கவர்ந்தது. நச்சுக் காற்று தங்கிய கிணற்றுக்குள் இறங்கும் மனிதன் மூச்சு முட்டிச் சாகாதிருக்க ஒரு கருவி! கிணற்றில் இறங்குபவனை நினைத்தவர்களும் காற்றில் அணையும் விளக்கை நினைத்தவர்களும் ஒருவரே. இவ்விரண்டையும் சேர்த்து அவன் தலையில் வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. எண்ணெய் விளக்கைத் தலையில் வைத்துக் குனிய முடியாதே!

கண் எப்படிக் காண்கிறது என்ற வினாவுக்கு விடை கண்டவர் பஸராவில் பிறந்து காஹிராவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். உக்லீதிஸும் பத்லமியூஸும் கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்று கொண்டிருந்தனர். அது சரியன்று, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் புகுகிறது என்று பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் அவர் நிலைநாட்டினார். இருட்டறைக்கு வெளியே பல விளக்குகளை வரிசையாக வைத்து, சிறு துளை வழியே உள்ளே விழும் ஒளிப்பொட்டுகளைப் பார்ப்பார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டுமே மறையும். எளிய சோதனைதான், ஆயினும் பல நூற்றாண்டுத் தவற்றை அது உடைத்தது. நெற்றி விளக்கைக் கட்டியவரைப் பார்க்கும்போதெல்லாம் எமக்கு ஒரு வேடிக்கை தோன்றும். இப்னுல் ஹைதம் தோற்கடித்த பழங்கொள்கை இங்கே உயிர்பெற்று நடக்கிறது! பார்வை எங்கே திரும்புகிறதோ அங்கே கதிர் போகிறது; தலை கவிழ்ந்தால் கதிரும் கவிழ்கிறது.

இனிச் சுரங்கத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் பகுதியில் வெள்ளீயமும் செம்பும் தோண்டிய தொழிலாளர், பிசினூட்டி இறுகச் செய்த கம்பளித் தொப்பியின் முன்புறம் ஈரக் களிமண் உருண்டையை அப்பி, அதில் மெழுகுவர்த்தியைச் செருகிக்கொண்டு இறங்கினர். உலோகச் சுரங்கத்தில் பற்றி எரியும் வாயு பெரும்பாலும் இராதாகையால் திறந்த சுடர் அங்கே செல்லும். நிலக்கரிச் சுரங்கத்தில் செல்லாது. 1812ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் மாண்டனர். அதன் பின்னரே, 1815இல், சுடரைக் கம்பி வலையால் சூழ்ந்த பாதுகாப்பு விளக்கை ஹம்ஃப்ரி டேவி அமைத்தார். அது உயிர்களைக் காத்தது; ஆனால் வெளிச்சம் மங்கல், போதாததற்குக் கையிலும் தொங்கிற்று. நிலக்கரித் தொழிலாளி உயிருக்காகக் கையை விட்டுக்கொடுத்தான் எனலாம்.

கார்ன்வால்காரர்கள் நம் பக்கமும் வந்தனர். மைசூர் நாட்டின் கோலார் தங்கவயலுக்கு லெவல் என்ற ஐரிஷ்காரர் 1875இல் குத்தகை பெற்றார். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி பொறுப்பேற்றது. கண்காணிக்கக் கார்ன்வால்காரரும் இத்தாலியரும் வந்தார்கள். பாறையை உடைக்க வந்தவர்களோ, பெரும்பாலும் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் ஒடுக்கப்பட்ட தமிழ் மக்கள். பஞ்சமும் பண்ணையடிமையும் துரத்த, தாமரையும் நாரையும் கண்ட ஏரிக்கரைகளை விட்டு அவர்கள் பாதாளத்துக்குப் போனார்கள். அங்கே தமிழ் ஒலித்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்று என்று அது பேர் பெற்றது. கீழே போகப் போகப் பாறை சுடும். சில வேளைகளில் அழுத்தம் தாங்காது தானே வெடித்துச் சிதறும். பாறைத் தூசு நுரையீரலில் படிந்து இளைப்பு நோயாக மாறும்.

1902ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் வீதிகளே அதைக் காணாத காலம் அது. அதிகாரிகளின் பங்களாவில் விளக்கெரிந்தது; எந்திரங்கள் சுழன்றன. ஆனால் கம்பி எட்டாத இடமொன்று எப்போதும் இருந்தது. தொழிலாளி உளியும் துளைக்கருவியும் பிடித்து நிற்கும் பாறை முகமே அது. தினந்தோறும் வெடி வைத்து முன்னேறும் முகத்துக்குக் கம்பியை எப்படி இழுப்பது? வெளிச்சத்தை அவன் தன்னோடு கொண்டுபோக வேண்டியிருந்தது.

அந்த வெளிச்சத்தை நெடுங்காலம் தந்தது கார்பைடு விளக்கு. இந்நாளில் நம் வீட்டுப் பெண்களுக்குக் ‘கார்பைடு கல்’ என்றால் மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கும் பொருள் என்று மட்டுமே தெரியும். அது தடைசெய்யப்பட்டதென்றும் அறிவார்கள். அதே கல்தான் ஒரு காலத்தில் நெற்றியில் எரிந்தது. பித்தளையால் ஆன சிறு கூஜா போன்ற அவ்விளக்கில் இரு அறைகள். மேலே தண்ணீர், கீழே கால்சியம் கார்பைடு. ஒரு திருகைத் திறந்தால் நீர் சொட்டுச் சொட்டாகக் கல்லின் மேல் விழும். அசிட்டிலீன் என்னும் வாயு எழுந்து சிறு துளை வழியே வந்து வெண்சுடராக எரியும். பின்னாலுள்ள பளபளப்பான தட்டு அதை முன்னோக்கித் தள்ளும். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் சிந்த எண்ணெய் இல்லை. நீரும் கல்லும் கூடி நெருப்பைப் பெறும் விந்தை! எரிந்து முடிந்தபின் மிஞ்சுவது நீற்றுச் சுண்ணாம்பு. கார்பைடை மலிவாகச் செய்யும் வழி 1892இல் அமெரிக்காவில் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. 1900இல் ஃபிரெடெரிக் பால்ட்வின் என்பவர் நியூயார்க்கில் சைக்கிளுக்காக அத்தகைய விளக்கைப் பதிவு செய்தார். சில ஆண்டுகளில் அது சைக்கிளிலிருந்து தொப்பிக்கு ஏறிவிட்டது.

இங்கே ஒரு செய்தியைக் கூறாமல் செல்ல மனம் வரவில்லை. இந்தக் கல்லைச் செய்வதற்கென்றே 1898இல் அமெரிக்காவில் தோன்றிய கம்பெனிதான் யூனியன் கார்பைடு. கார்பைடு விளக்கின் காலம் மங்கத் தொடங்கியபோது அக்கம்பெனி உலர் மின்கலத் தொழிலோடு 1917இல் இணைந்தது. 1934இல் இந்தியாவில் தோன்றிய அதன் கிளை, எவரெடி பாட்டரியையும் டார்ச்சையும் நம் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சேர்த்தது. கல்லில் பிறந்த வெளிச்சமும் பாட்டரியில் பிறந்த வெளிச்சமும் ஒரே பெயரைத் தாங்கின. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபாலில், அதே பெயர் தாங்கிய பூச்சிமருந்து ஆலையிலிருந்து கசிந்த நச்சு வாயு, உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஏழைகளைக் கொன்றது. அவர்களுள் நம் சமுதாயத்தார் மிகப் பலர். ‘கார்பைடு’ என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் முதியோருக்கு நினைவில் எழுவது விளக்கன்று, அந்த இரவே.

சுடரில்லாத தொப்பி விளக்கை 1914, 1915 ஆண்டுகளில் எடிசன் நிறைவு செய்தார். இடுப்பு வாரில் நிக்கலும் இரும்பும் கொண்ட மின்கலம். அதிலிருந்து முதுகு வழியே ஏறும் வடம். தொப்பியில் சிறு பல்பு. தொழிலாளி சுரங்கத்துள் அதைத் திறந்து பொறி எழுப்பிவிடாதபடி பூட்டியே கொடுப்பர். டேவி கேட்ட விலையை, அதாவது அந்த ஒரு கையை, நிலக்கரித் தொழிலாளி நூறு ஆண்டு கழித்துத் திரும்பப் பெற்றான். இதனோடு ஒரு வழக்கமும் வளர்ந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் எண்; விளக்கறையில் அதற்கென்று ஓரிடம். பணி முடிந்து எல்லாரும் ஏறிய பின், ஏதேனும் ஓரிடம் காலியாக இருந்தால், அந்த எண்ணுக்குரிய மனிதன் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று பொருள். விபத்து நேர்ந்த நாளில் மனைவிமார் ஓடிச்சென்று நிற்பதும் அந்த அறை வாசலில்தான்.

தங்கவயல் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. அத்தொழிலாளரின் மக்கள் இன்று விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள்.

தலையில் விளக்குச் சுமந்த வேறொரு கூட்டத்தையும் நம் குடும்பங்கள் நன்கறியும். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸைத் தலையில் வைத்து நடந்தவர்களைச் சொல்கிறோம். குதிரை மேல் மாப்பிள்ளை, முன்னே பாண்டு வாத்தியம், இரு மருங்கிலும் விளக்குக்காரர்கள். அவர்கள் தலையில் இருந்த வெளிச்சம் அவர்கள் பார்ப்பதற்கன்று. மாப்பிள்ளையைப் பிறர் பார்ப்பதற்கு. ஒரு கை எப்போதும் விளக்கைத் தாங்கியிருக்கும். அதன் சூடு நெற்றியில் இறங்கும். விளக்கடியில் இருட்டு என்று உருதுக்காரர் சொல்வது அவர்களைக் கண்டுதானோ என்னவோ! விருந்தில் அவர்களை உட்கார வைத்தார்களா என்று எண்ணிப் பார்க்கிறோம், வைத்ததாக நினைவில்லை.

ரப்பர்த் தோட்டத்துக் கதை சுரங்கக் கதையின் மறுபாதி. ரப்பர் மரத்தினுள் நீரழுத்தம் விடியுமுன்தான் மிகுதி. வெயில் ஏற ஏறப் பால் சுருங்கும். ஆகவே பால்வெட்டுத் தொழிலாளி இருட்டிலேயே மரத்தடிக்குப் போக வேண்டும். மரப்பட்டையை மயிரிழை ஆழத்துக்குச் சீவ வேண்டும். சற்று ஆழ்ந்தால் மரத்துக்குக் கேடு, மேலோடினால் பால் இல்லை. அதற்குக் கத்தியில் இரு கைகளும் வேண்டும். மலாயாத் தோட்டங்களில் நம் தமிழர் நெற்றியில் கார்பைடு விளக்கைக் கட்டிக்கொண்டு இதைச் செய்தார்கள். இந்நாளில் குமரி மாவட்டத்தில் மின்கல விளக்கோடு செய்கிறார்கள். சத்தியமங்கலத்திலும் மதுரைச் சீமையிலும் மல்லிகை மொட்டு வெடிக்குமுன் பறிக்கும் பெண்களும் அவ்வாறே. கிளையை ஒரு கை வளைக்கும். மறு கை மொட்டைக் கிள்ளும். முன்னர் பல்லிடுக்கில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு பறித்தவர்களும் உண்டு. நம் பெண்மக்கள் திருமணத்தில் சூடும் பூச்சரத்தின் ஒவ்வொரு மொட்டுக்கும் பின்னால் அத்தகைய ஒரு நெற்றி இருக்கிறது.

இத்தொழிலாளர் கைக்கு மலிவான விளக்கு வந்தது இரு கண்டுபிடிப்புகளின் சேர்க்கையால். பழைய பல்பு தான் உண்ட மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே கக்கியது. 1962இல் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி. வந்துவிட்டது, ஆயினும் நீலம் இல்லாமல் வெண்மை இல்லை. முப்பது ஆண்டு முயற்சிக்குப்பின் 1993இல் ஜப்பானில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யை ஆக்கினார். அதன்மீது மஞ்சள் ஒளிரும் பூச்சைப் பூச, வெண்ணொளி கிடைத்தது. அகஸாகி, அமனோ ஆகியோருடன் அவருக்கு 2014இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1991இல் கடைக்கு வந்த லித்தியம் அயன் மின்கலம் மற்றொரு பாதி. பிரான்சில் குகையேறியான ஃபெர்னான் பெட்ஸ்ல் 1970களில் மின்கலத்தையும் தலையிலேயே ஏற்றி, இடுப்பு வடத்தை நீக்கியிருந்தார். மலையேறுவோரின் பொழுதுபோக்குக்குச் செய்தது, சில நூறு ரூபாய்ப் பொருளாகி ஸ்ரீபெரும்புதூர்க் கடைகளில் தொங்குகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எம் வீட்டில் மூன்று இரவு மின்சாரமில்லை. கைக்குழந்தையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, மறு கையால் கஞ்சி கிண்டிய எம் மகளுக்கு, மருமகன் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்திருந்த நெற்றி விளக்குத்தான் துணை. மாடக்குழி இல்லாத புது வீட்டில் அவளே மாடமாக நின்றாள்.

இதற்கும் குறையுண்டு. முதலாவது, எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்கும். பேசும்போது முகத்தைப் பார்ப்பது நம் பண்பு, ஆனால் இதை அணிந்தவர் முகம் பார்த்தால் நாம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டாவது நுட்பமானது. ஒளி கண்ணுக்கருகிலேயே இருந்தால் பொருள்களின் நிழல் அவற்றுக்குப் பின்னேயே ஒளிந்துகொள்ளும். மேடும் பள்ளமும் ஒன்றாய்த் தட்டையாகத் தெரியும். சருகின் மேல் சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும் விரியனையும் அப்படிச் சருகென்றே கொள்ள நேரலாம். சின்னத்தாவை நிழல் கொன்றது என்றோம். நிழலே இல்லாமற் போவதும் ஆபத்துத்தான்.

பாம்புக் கடியால் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர், பெரும்பாலும் கிராமத்தார். எமது மாவட்டத்துக்கு அண்மையில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கி வருகிறது. பாம்புத் தோல் வணிகம் சட்டத்தால் நின்றபின், பிழைப்பிழந்த இருளர் மக்கள் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷமே மூலப்பொருள். அச்சங்கம் தொடங்கி ஐந்தாண்டு கழிந்தே சின்னத்தா இறந்தார் என்பதைப் பிற்காலத்தில் அறிந்தபோது சிறிது நேரம் வாளாவிருந்தோம். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக் கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டியதாக்கியது. இனிமேல் ஒவ்வொரு கடியும் கணக்கில் ஏற வேண்டும்.

அந்த விடியற்காலைக்குப் பின் நாமும் ஒரு நெற்றி விளக்கு வாங்கி, ஊரில் அதே நிலத்தை உழும் சின்னத்தாவின் மகனுக்குக் கொடுத்தோம். மறுமாதம் போனபோது அவன் அதை நெற்றியில் கட்டியிருக்கவில்லை. “பூச்சியெல்லாம் வாயிலும் மூக்கிலும் புகுதுண்ணே” என்று சொல்லி, வாரை நீட்டி இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தான். வரப்பில் அவன் முன்னே நடந்தான். இடுப்புயரத்திலிருந்து சாய்ந்து விழுந்த அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் புல்லுக்கும் நீண்ட நிழல் இருந்தது. கால் வைக்குமிடமும் தெரிந்தது.